பார்க்காத வீட்டுக்குப் போட்ட கையெழுத்து

குமார்,

நல்லா இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுது என்று அப்பா சொன்னார். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் பஸ் போர்டைப் படிப்பதுபோல ஒரு பார்வையில் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். பள்ளியில் மலையாளம் படித்த உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். கூட்டியே படி. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். மஸ்கட்டில் உன் அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளும் எலக்ட்ரீஷியன்கள்தான் என்றாயே, அவர்களுக்கும் படித்துக் காட்டு. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. இங்கே சாலைத் தெருவில் யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று போனில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "எல்லாரும் இப்டித்தாம்மா செய்யாங்க, இது ஒரு ஃபார்மாலிட்டி" என்றாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு, "இப்ப என்ன, யாரும் சாகலல்லா?" என்றாய். நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து அதற்குப் பிறகு திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். நெட்வொர்க் போகவில்லை. நான்தான் வைத்தேன். பெற்ற பிள்ளையின் குரலைக் கேட்கப் பிடிக்காமல் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, யாருடைய ரவிக்கையோ கையில் இருக்க, ஊசியில் நூல் கோக்க முடியாமல் அப்படியே இருந்தேன்.

என்ன நடந்தது என்று நீ முழுசாகக் கேட்கவே இல்லை. "மீனாட்சி அத்தைக்கு லேசா ஷாக் அடிச்சுதாமே" என்று நீயாகவே அதைச் சின்னதாக்கிக்கொண்டாய். ஷாக் அடித்த அன்று மத்தியானம் நல்ல மழை. நம் சந்தில் தண்ணீர் கட்டி நின்றது. மீனாட்சி தான் வேலை பார்க்கும் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, அடுக்களைக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய வர்க் ஏரியாவில் வாஷிங் மெஷினைப் போட்டிருக்கிறாள். சாரல் அடித்துத் தரை முழுக்க ஈரம். காலில் செருப்பில்லை. துணியை எடுக்க மெஷினைத் தொட்டவளுக்குக் கையை எடுக்க முடியவில்லை. கத்தவும் முடியவில்லையாம். வாய் திறந்தபடி இருந்ததாம், சத்தம் வரவில்லையாம். அவள் புருஷன் கணபதி அண்ணன் முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர் தற்செயலாகத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்திருக்கிறார். அவர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்த அந்த நிமிஷம் அவள் கல்மேல் விழுந்தாள். துணி துவைக்கிற அந்தக் கருங்கல். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் ஒடிந்தது. உள்ளங்கை தீயில் வாட்டிய மாதிரி வெந்திருந்தது. ஆட்டோவில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கிழக்கேகோட்டையில் பஸ்கள் நகரவில்லை. ஆட்டோக்காரர் ஹாரனை அடித்தபடியே இருந்தார். அவள் கண்ணைத் திறந்து என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "அக்கா, மெஷின்தான் கேடா இருக்கும், இல்லையா? வயரிங் கொமாரு செஞ்சதுல்லா."

உன்னை நம்பினாள். என்னை நம்பி உன்னை நம்பினாள். வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம், வயரிங்குக்கு யாரைக் கூப்பிடலாம் என்று அவள் வந்து கேட்டபோது, வேறு யாரையும் தேடாதே, குமார் வேலை பார்க்கிற சுரேஷ் கான்ட்ராக்டரிடமே கொடு, என் பிள்ளை கூட நின்று பார்த்துக்கொள்வான் என்று நான்தான் சொன்னேன். ஓணம் முடிந்து நீ மஸ்கட்டுக்குப் பெட்டி கட்டும்போது உன்னிடம் கேட்டேன். "அத்தை வீட்டு வேல எல்லாம் நான் பாத்துட்டேம்மா, டென்ஷன் ஆவாத" என்றாய். சுவரில் பைப் பதிக்கிறபோது ஒரு நாள் எட்டிப் பார்த்ததோடு சரி என்பதும், வயர் இழுத்ததும் சுவிட்ச் போர்டு மாட்டியதும் எல்லாம் நீ விமானம் ஏறிய பிறகுதான் என்பதும் எனக்கு எங்கே தெரியும்?

மறுநாள் மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸிலிருந்து ஒரு சப் எஞ்சினியர் வந்தாள். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகச் சோதித்தாள். கணபதி அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்ததால் சாவியோடு நான்தான் கூட நின்றேன். வர்க் ஏரியா பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சேச்சி, இதில் எர்த்தே இல்லல்லோ" என்றாள். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லை. வீடு முழுக்க அப்படித்தான். வெளியே எர்த்துக்குக் குழி தோண்டவே இல்லை. ஒரு செம்புக் கம்பித் துண்டை மண்ணில் செருகி மேலே சிமென்ட் பூசியிருந்தார்கள். மின்சாரம் கசிந்தால் தானாகவே விழுந்து கரண்டை நிறுத்துகிற அந்த இ.எல்.சி.பி. இருக்கிறதே, அது பெட்டிக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. அதற்குள் போகாமலே நேராக வயரைக் கொடுத்திருந்தார்கள். அடிக்கடி விழுந்து தொந்தரவு செய்திருக்கும், அதனால் அப்படிச் செய்திருப்பார்கள் என்றாள் அவள். பிறகு, "ஆரா இது செய்தது? வேல முடிஞ்சுதுன்னு எங்களுக்குக் கொடுத்த ரிப்போர்ட்ல வயர்மேன் எஸ். குமார்னு உண்டு. டெஸ்ட் செஞ்சு பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றாள்.

எந்தத் தேதி என்று கேட்டேன். சொன்னாள். அந்தத் தேதியில் நீ மஸ்கட்டில் கடற்கரையில் நின்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பியிருந்தாய். நான் அதை மீனாட்சியிடம்கூடக் காட்டினேன்.

"அது என் மகன்தான்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, "சாரி, சேச்சி" என்றாள். அவள் எதற்கு சாரி சொல்ல வேண்டும்?

தெரியாமல் செய்தவன் என்றால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. பி.காமைப் பாதியில் விட்டுவிட்டு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாய். அப்பா வேலை பார்க்கும் எலக்ட்ரிகல் கடை முதலாளி, "நல்ல படிப்ப விட்டுட்டு வயர் இழுக்கப் போறானா?" என்று கேட்டபோது அப்பா கூசிப்போனார். நான் கூசவில்லை. வயர்மேன் பெர்மிட் பரீட்சைக்கு நீ படித்தபோது கேள்வி கேட்டது யார்? நான் ரவிக்கைக்கு ஹூக் வைத்துக்கொண்டே மலையாளப் புத்தகத்தை மடியில் விரித்துக் கேட்பேன், நீ தரையில் படுத்துக்கொண்டு பதில் சொல்வாய். எர்த் எதற்கு என்று நான் கேட்டால் முதலில் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வாய். எனக்குப் புரியவில்லை என்றால் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, கரண்டுக்கு ஆளப் பத்தி ஒண்ணும் தெரியாது. போவதுக்கு ஒரு வழி வேணும். நாம வழி வெட்டிக் குடுக்கலன்னா ஆளு மேல ஏறிப் போவும்" என்பாய். எனக்கு மின்சாரம் பற்றித் தெரிந்ததெல்லாம் நீ சொல்லித் தந்ததுதான். அந்த சப் எஞ்சினியர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

முதல் தடவை பிராக்டிகலில் உன்னைத் தோற்கடித்தார்கள். போர்டு முழுவதும் சரியாக வயர் செய்திருந்தாய். எங்கேயாவது கரண்ட் கசிகிறதா என்று இன்சுலேஷன் சோதிக்காமல் நேராக சுவிட்சைப் போட்டுவிட்டாய், அதற்காகத்தான். வீட்டுக்கு வந்து செருப்பை எறிந்தாய். "லைட் எரிஞ்சுதுல்லா, பின்ன என்ன வேணும் அந்த ஆளுக்கு?" என்று கத்தினாய். லைட் எரிவதற்கா பெர்மிட், யாருக்கும் ஒன்றும் ஆகாமல் எரிவதற்குத்தானே என்று நான் சொன்னதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த தடவை எழுதி ஜெயித்தாய். அப்பா போளியும் பால் பாயசமும் வாங்கிக்கொண்டு வந்து கடையில் எல்லாருக்கும் கொடுத்தார். பெர்மிட்டைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வயர் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டினார். நீ வந்து பிடுங்கிக்கொண்டு போகிற வரைக்கும். அந்த வாரமே என் தையல் அறையை மாற்றிச் செய்தாய். மெஷின் மோட்டாருக்கு இரண்டு பின் போதுமே என்றேன். "இந்த வீட்டுல மூணாவது பின் இல்லாம ஒண்ணும் ஓடாது" என்று அதட்டினாய். எவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு! உன் வீட்டில் ஓடாது. மீனாட்சி வீட்டில் ஓடலாமா?

மூன்று நாள் பொறுத்துவிட்டு சுரேஷைத் தேடிப் போனேன். கிழக்கேகோட்டையில் மாடியில் இருக்கிறதே அவன் ஆபீஸ், உனக்குத் தெரியும். மரியாதைக்குக் குறைவில்லை. "சேச்சி இரிக்கூ" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ வரவழைத்தான். நான் தொடவில்லை. வேலை செய்தது யார் என்று கேட்டேன். பெர்மிட் உள்ள ஆள் கிடைப்பதில்லை, இருக்கிறவர்கள் எல்லாம் உங்கள் பையன் மாதிரி கல்ஃபுக்குப் போய்விடுகிறார்கள், அதனால் கையில் இருக்கிற பணிக்காரர்களை வைத்து முடித்தேன் என்றான். அவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை. செய் என்று விட்டால் அவர்கள் தெரிந்த அளவுக்குச் செய்வார்கள். பார்க்க வேண்டியவன் பார்த்ததாக எழுதிக்கொடுத்துவிட்டு ஊரில் இல்லை, அவர்கள் என்ன செய்வார்கள்?

"என் மவன் கையெழுத்து எப்படி வந்துது?" என்றேன்.

"மோன்தான் போட்டுத் தந்துட்டுப் போனான், சேச்சி. நான் பிடிச்சு வாங்கல. போறதுக்கு முன்னாடி இங்க உக்காந்து, இந்த மேசையில வச்சுத்தான் போட்டான். தேதி மட்டும் நான் எழுதிக்கிட்டேன்."

"எத்தன வீட்டுக்கு?"

அவன் முகம் அப்போதுதான் மாறியது. "அதொண்ணும் சாரமில்ல, விடுங்க. மீனாட்சி சேச்சி வீட்ட நான் நாளைக்கே சரியாக்கித் தரேன். ஆஸ்பத்திரிச் செலவும் பாத்துக்கறேன். நீங்க இத பெரிசாக்காதீங்க. மோனோட பேருதான் கெடும்" என்றான்.

வேறு எந்தெந்த வீடு என்று கேட்டேன். சொல்லவில்லை. மேசை மேல் கையால் அடித்துக் கேட்டேன். பக்கத்து ஆபீஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போதும் சொல்லவில்லை. அந்தப் படியில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மீனாட்சி வீட்டை எனக்குத் தெரியும். மற்ற வீடுகளில் யார் இருக்கிறார்கள், எந்த ஈரத் தரையில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அங்கேயும் உன் பெயர்தான் எழுதியிருக்கிறது.

நீ ஏன் செய்தாய் என்று நானே யோசித்துப் பார்த்தேன். காசுக்காக இருக்காது. உன்னை வேலைக்கு வைத்தவன் அவன். அனுபவச் சான்றிதழ் கொடுத்தவன் அவன். மஸ்கட்டில் ஆள் சொல்லிவிட்டவனும் அவன்தான். போகிற நேரத்தில் ஒரு உதவி கேட்டான், உன்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சிறு வயதிலிருந்தே உனக்கு அப்படித்தான், முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லத் தெரியாது. அதை நல்ல குணம் என்று ஊரே சொல்லும். சுரேஷுக்கு நன்றி காட்ட உனக்கு மீனாட்சியின் கைதானா கிடைத்தது? உன் சம்பளத்தில் அவனுக்கு ஒரு வாட்ச் வாங்கி அனுப்பியிருக்கலாம். உன் பணத்தில் நமக்குப் புது வீடு வேண்டாம், நான் தைத்துச் சாப்பிடுகிறேன், நீ அவனுக்கு என்ன வேண்டுமானாலும் கொடு. அடுத்தவர் உயிரை எடுத்துக் கொடுக்க உனக்கு உரிமை இல்லை.

இனிமேல் எழுதப் போவதை அப்பா எழுத வேண்டாம் என்கிறார். நான் புகார் கொடுத்திருக்கிறேன். சுரேஷ் மேல் மட்டும் இல்லை, உன் மேலும். கணபதி அண்ணன் கையெழுத்துப் போடத் தயங்கினார். மீனாட்சி கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "விடுங்கக்கா, சின்னப் பையன், ஜீவிதம் கெட்டுப் போவும்" என்றாள். உன் வீட்டுக்காக இல்லை, அவன் பெயர் இருக்கிற மற்ற வீடுகளுக்காக என்று அவளிடம் சொன்னேன். அவள் கணபதி அண்ணனிடம், "போடுங்க" என்றாள். நானும் கணபதி அண்ணனும் சேர்ந்து செக்‌ஷன் ஆபீஸுக்குப் போய் அந்த சப் எஞ்சினியரிடம் கொடுத்தோம். படிவத்தில் எழுதுவதற்காக, புகார்தாரர் உனக்கு என்ன உறவு என்று அவள் கேட்டபோது தாயார் என்று சொன்னேன். பக்கத்தில் பில் கட்ட நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "நீ பெத்த தாயாட்டி? பிள்ள பொழப்பக் கெடுத்துட்டு வந்து நிக்க!" என்றார். நானும் விடவில்லை. "உங்க கடையில வயர் வாங்கிட்டுப் போறவன் வீட்டுல எவளாவது செத்துக் கெடந்தா அப்பவும் போளி வாங்கிக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தேவையென்றால் சுவரைப் பார்த்துச் சொல்கிறார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன்.

வாங்க மாட்டேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. புகாருக்குப் பிறகு, உன் பெயரில் ரிப்போர்ட் கொடுத்த வீடுகளை எல்லாம் மின்வாரியத்தில் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். ஒன்றில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இரண்டில் எர்த் இல்லை. அதில் ஒன்று ஸ்ரீவராகத்தில், ஒரு டீச்சர் வீடு. சாயங்காலம் பிள்ளைகள் டியூஷன் படிக்க வருகிற ஹாலில் ஒரு பழைய இரும்பு ஸ்டாண்டு ஃபேன். அதில் லேசாகக் 'கிர்ர்' என்று பிடிக்கிறது என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். விளையாட்டாக ஒருவரை ஒருவர் தொடச் சொல்லிச் சிரிப்பார்களாம். சப் எஞ்சினியர் இதை என்னிடம் போனில் சொன்னாள். அன்றே மெயினை நிறுத்திவிட்டு, எல்லாம் சரிசெய்த பிறகுதான் திரும்பக் கொடுத்தார்கள். நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார், போனில் நான் பேசியது அவர் காதில் விழுந்தது. எழுந்து உள்ளே போனார். அதற்குப் பிறகு பிழைப்பு என்ற பேச்சை எடுக்கவில்லை.

உனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அடுத்த மாதம் விசாரணை. சுரேஷ் உன்னைக் கூப்பிட்டிருப்பான் என்று தெரியும். நீ ஊரில் இருந்தபோதே பார்த்து முடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லச் சொல்வான், தேதியில்தான் தவறு என்பான். இல்லையென்றால் அந்தக் கையெழுத்தே உன்னுடையது இல்லை என்று சொல்லச் சொல்வான். இரண்டில் எதையும் சொல்லாதே. வந்து நின்று, பார்க்காமல் போட்டேன் என்று சொல். பெர்மிட்டை நிறுத்தி வைப்பார்கள். ஒரேயடியாகப் பிடுங்கினாலும் பிடுங்கலாம். மஸ்கட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்தால் அந்த வேலையும் போகலாம். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன். உனக்கு இருபத்தாறு வயது. திரும்பப் படி, திரும்பப் பரீட்சை எழுது, இல்லை வேறு வேலை பார். எதுவானாலும் நான் உன் கூட இருப்பேன். அந்த இரண்டு பொய்யில் ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தால் மட்டும் இருக்க மாட்டேன்.

ஆறுதலாக இரண்டு வார்த்தை எழுதுவேன் என்று பார்க்கிறாயா? இல்லை, மகனே. இப்போது என்னிடம் அது இல்லை. லீவு கேட்டு டிக்கெட் எடு. விமான நிலையத்துக்கு அப்பா வருவார், அவரிடம் கேட்டுவிட்டேன், சுவரைப் பார்த்துச் சரி என்றார். காலையில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். மீனாட்சிக்கு இன்னும் வலது விரல்கள் மடங்கவில்லை, கரண்டி நழுவுகிறது, அதனால் அவள் அடுக்களையில் நான்தான் சமைக்கிறேன். பெட்டியை நம் வீட்டில் இறக்கி வைக்கிற வேலை வேண்டாம். நேராக அங்கே வா.

அம்மா